மானோங் பிலோ வீட்டில் தங்கிப்போன டப்பாக்கள்

மானோங் பிலோவுக்குத் தன் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. முப்பத்தோரு வருஷம் அந்த வீட்டில் உப்புப் போட்டுச் சாப்பிட்ட மனுஷன். அக்கரை நகரத்துக்குப் போகும் படகுகளுக்குத் துறையில் கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் வேலை. விடியுமுன் போவார், மூன்று மணிக்கு வருவார், தட்டில் இருப்பதைச் சாப்பிடுவார். வீட்டுக்குள் எது எங்கே என்பதெல்லாம் அவர் மனைவி மானாங் சேலிங்கின் தலைக்குள் இருந்தது. போன வருஷம் ஜூன் மாதம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. தலையோடு உப்பும் போய்விட்டது.

எங்கள் தீவில் மூத்த ஆண்களெல்லாம் மானோங், மூத்த பெண்களெல்லாம் மானாங். என் மாதிரிப் பெண்பிள்ளைகள் எல்லோரும் இண்டாய். அது பாசமா திட்டா என்பது கூப்பிடுகிற சத்தத்தைப் பொறுத்தது. எனக்குப் பெரும்பாலும் திட்டுதான் வந்திருக்கிறது, காரணமும் இருந்திருக்கிறது.

மானாங் சேலிங் வீட்டிலிருந்து எந்தப் பொருளும் குப்பையாக வெளியே போய் நான் பார்த்ததில்லை. காப்பிப்பொடி பாட்டில் காலியானால் மூடியை அலமாரிப் பலகையின் அடியில் ஆணியடித்து, பாட்டிலை அதில் திருகித் தொங்கவிடுவார். அப்படி இரண்டு வரிசை தொங்கும், வௌவால் மாதிரி. பால்பவுடர் டின்னில் அரிசி. ஐஸ்கிரீம் டப்பாவில் கருவாடு. வட்டமான பிஸ்கட் டின்னில் நூல். முட்டை அட்டையின் குழிகளில் பூண்டு. எண்ணெய்க் கேனைப் படுக்கவைத்து வயிற்றைக் கிழித்தால் அது ஒரு டிராயர். கிழிந்த ஜீன்ஸின் ஒரு காலைத் தைத்துச் சுவரில் மாட்டினால் அதில் இரண்டு குடை நிற்கும். பிளாஸ்டிக் பைகளைச் சின்னச் சின்ன முக்கோணமாக மடித்து ஊறுகாய் ஜாடியில் அடுக்கியிருப்பார். எதன் மேலும் பெயர் எழுதமாட்டார்.

"எழுதி வச்சா என்ன மானாங்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதி வச்சா உன்னை மாதிரி ஆளுக்கு வழி சொன்ன மாதிரி ஆயிடும், இண்டாய்."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அவர் போனபிறகு அந்த வீட்டில் ஒரு மனுஷனும் நூற்றுக்கணக்கான மூடிகளும் மிச்சம்.

அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. ஒன்பது நாளும் தெருப் பெண்கள் சாப்பாடு கொண்டுபோனார்கள். நூடுல்ஸ், வினிகரில் வெந்த பன்றிக்கறி, துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்ட குழம்பு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஒட்டும் அரிசி. எல்லாம் டப்பாக்களில். எங்கள் ஊரில் டப்பா என்பது கிட்டத்தட்ட ஒரு ஆள். ஒவ்வொன்றுக்கும் அடையாளம் உண்டு. அடியில் நெயில்பாலிஷ் பொட்டு, மூடியில் கத்திக்கீறல், ஓரத்தில் டேப். யாருடையது எது என்று குருடனும் தடவிச் சொல்லிவிடுவான்.

அப்புறம் ஒரு விஷயம். வந்த டப்பா காலியாகத் திரும்பக்கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. காலியாகத் திருப்பிக்கொடுத்தால் "உனக்கும் எனக்கும் இதோடு சரி" என்று அர்த்தம். ஒன்றும் இல்லாவிட்டால் நாலு எலுமிச்சையாவது போட்டு அனுப்புவார்கள்.

பத்தாவது நாள் மானோங் பிலோ எல்லா டப்பாக்களையும் கழுவித் துடைத்து ஜன்னலோரம் அடுக்கினார். நாற்பத்தொன்று. அவருக்குச் சமைக்கத் தெரிந்தது இரண்டு: சோறு, பொரித்த மீன். அதிலும் மீன் சந்தேகம்.

முதல் டப்பாவை அவர் திருப்பிக்கொடுத்தது மானாங் லூடிங்குக்கு. துறைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். அவருடைய டப்பாதான் எல்லாவற்றிலும் பெரியது, அதில் வந்த பன்றிக்கறிதான் எல்லாவற்றிலும் ருசி. மானோங் அதில் ஆறு பன் வைத்துக் கொண்டுபோனார். கடையில் பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஓரத்தில் இருந்தேன்.

மானாங் லூடிங் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன மானோங் இது, பேக்கரிக்கு வழி எனக்கும் தெரியுமே!"

வேறொன்றும் இல்லை. அவர் வாய் அப்படித்தான், பிஷப் வந்தாலும் அப்படித்தான் பேசும். எல்லோரும் சிரித்தோம். மானோங்கும் சிரித்தார். பிறகு வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு டப்பாவும் வெளியே வரவில்லை.

மாதங்கள் போயின. குழாயடியில் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று.

"என் நல்ல டப்பா அங்கதான் கெடக்கு."

"போய்க் கேளேன்."

"எப்படிடி கேக்குறது? கேட்டா அதுல எனக்குச் சாப்பாடு போட்டுக்குடுன்னு கேட்ட மாதிரி ஆவாதா? பாவம், பொண்டாட்டி செத்த மனுஷன்."

"அப்ப கேக்காத."

"கேக்காம எதுல கருவாடு வைக்க? உன் தலையிலயா?"

எங்கள் வீட்டு நீலமூடி டப்பாவும் அங்கேதான் இருந்தது. அம்மா கருவாட்டைப் பையில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டாள். பூனை பைக்கு மரியாதை தரவில்லை. அப்படியும் அம்மா போய்க் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, மானோங் வீட்டு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். அந்தப் பக்கம் போனால் டப்பாவுக்காக வந்ததாக அவர் நினைத்துவிடுவாராம். எல்லாப் பெண்களும் இப்படியே நினைத்தார்கள். குழாயடிக்கு அவர் வீட்டு வாசல் வழியாகப் போனால் ஐம்பது அடி. எல்லோரும் கோயிலைச் சுற்றி முந்நூறு அடி நடந்தார்கள். அவரும் எங்கள் கண்ணில் படக்கூடாது என்று துறைக்குக் கடற்கரை வழியாகவே போய்வந்தார். கோபம் யாருக்கும் இல்லை. ஒருவரை ஒருவர் சங்கடப்படுத்தக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து ஒரு மனுஷனைத் தனியாக விட்டுவிட்டோம்.

நான் மட்டும் அவர் வீட்டுப் பக்கம் போவேன், வேலி ஓரம் கொய்யா இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவர் அலமாரிக்கு முன்னால் நின்று ஒரு டின்னைத் திறப்பார், மோந்து பார்ப்பார், மூடி அதே இடத்தில் அதே திசையில் வைப்பார். அடுத்த டின். பொத்தான். அடுத்தது. மெழுகுவத்தித் துண்டு. அடுத்தது. விதை. சோறு ஆறிக்கொண்டிருக்கும். உப்பு ஐந்தாம் மாதம்தான் கிடைத்தது, குழந்தைப் பவுடர் டின்னில். கிடைத்தபோது அவர் சந்தோஷப்படவில்லை. அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள், அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கதவில் ஒட்டினேன்: "டப்பா காட்சிச்சாலை. அனுமதி இலவசம். பொருள்களைத் தொடாதீர்." தெருவே சிரித்தது. மூன்று மணிக்கு அவர் வந்தார். படித்தார். டேப்பை மெதுவாக, பெயின்ட் உரியாமல் எடுத்தார். அட்டையை வீசவில்லை, உள்ளே கொண்டுபோனார். அந்த வீட்டில் அட்டையைக்கூட வீசுவதில்லை. மறுநாளிலிருந்து முன்கதவு திறக்கவேயில்லை. பின்வாசல் வழியாகப் போய்வந்தார்.

மன்னிப்புக் கேட்பது என் பழக்கம் இல்லை. திருடுவது கொஞ்சம் பழக்கம். டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனால் அவருடைய பாரமும் ஒவ்வொன்றாகக் குறையுமே என்று யோசித்தேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவளின் கணக்கு அது. அவர் துறையில் இருந்தபோது ஜன்னல் வழியாக ஏறி எங்கள் நீலமூடியை எடுத்துக்கொண்டு குதித்தேன். குதித்ததில் ஒரு செருப்பு உள்ளே விழுந்துவிட்டது. எடுக்கத் தைரியம் இல்லை. டப்பாவை என் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தேன். அம்மா பார்த்தால் எப்படி வந்தது என்று கேட்பாளே.

மறுநாள் மாலை நாலு மணிக்கு எங்கள் கதவைத் தட்டியது மானோங் பிலோ. எட்டு மாதத்தில் அவர் தட்டிய முதல் கதவு. குளித்து, தலைவாரி, துக்கக் கறுப்புச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார்.

"அம்மா இருக்காங்களா, இண்டாய்?"

அம்மா கைதுடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வாங்க மானோங், வாங்க! சாப்பிட்டீங்களா? உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "உங்க டப்பா ஒண்ணு. நீலமூடி, அடியில ரோஸ் பொட்டு. காணல. என் தப்பு, ஜன்னலைச் சாத்தாமப் போயிட்டேன்."

அந்த டப்பா அவர் காலிலிருந்து மூன்றடி தூரத்தில் இருந்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

"ஐயே, ஒரு டப்பாதான மானோங். போனாப் போவுது."

"போவக்கூடாது. அதுல நீங்க குழம்பு கொண்டாந்தீங்க." அக்குளிலிருந்து வட்டமான பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினார். "பதிலுக்கு இதை வச்சுக்குங்க."

"இது சேலிங்கோட டின்னு ஆச்சே!"

"ஆமா."

அம்மா திறந்தாள். எங்கள் ஊரில் அந்த டின்னைத் திறந்து பிஸ்கட் எதிர்பார்த்தவர் யாரும் இல்லை. உள்ளே நூல்கள். ஐஸ் குச்சிகளில் சுற்றி, வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை நிறம் மாறி மாறி வட்டமாக அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு சோப்புத் துண்டு, அதில் குத்தி நிற்கும் ஊசிகள். சோப்பில் குத்தி வைத்தால் ஊசி துணியில் வழுக்கிப் போகும்.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். "இந்த ஊதா. கோயில் திரைக்கு இந்த ஊதாவைத் தேடி ரெண்டு தரம் அக்கரைக்குப் போயிட்டு வந்தேன் மானோங். இங்கயா இருந்துது?"

"எங்க எது இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். பிறகு அம்மா மடியில் இருந்த டின்னையே வெகுநேரம் பார்த்தார். "அது காலி இல்லதானே?"

"என்ன மானோங் பேச்சு. வழிய வழிய இருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். போகிறபோது முன்பக்கத் தெரு வழியாகவே போனார்.

அன்றைக்கே அம்மா வீடு கூட்டும்போது கட்டிலுக்கடியில் நீலமூடியைப் பார்த்துவிட்டாள். என் காது அன்று பட்ட பாட்டை எழுதப்போவதில்லை.

ஜூன் வந்தால் வருஷம் முடிகிறது. கறுப்பை இறக்கிவைக்கும் நாள். ஜெபம் நடக்கவேண்டும், ஊர் வீட்டுக்குள் வரவேண்டும். யாரும் வராமல் அந்த ஜெபத்தை ஒருவர் தனியாகச் சொன்னால் செத்தவருக்கே அவமானம். எட்டு மாதமாக யாருமே மிதிக்காத வாசலில் யார் வருவார்கள் என்பதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது என்று அப்புறம் தெரிந்தது. அவர் அதை அம்மாவிடம் ஒரே வரியில் சொன்னார்: "எனக்கு யாரும் வரவேண்டாம். அவளுக்கு வரணும்."

மார்ச்சிலிருந்து டப்பாக்கள் வெளியே வர ஆரம்பித்தன. தினமும் மூன்று மணிக்கு மேல், ஒன்று அல்லது இரண்டு. மானாங் லூடிங்குக்கு இன்னொரு சின்ன டப்பா பாக்கி இருந்தது, முதலில் போனது அதுதான். மானோங் அதைக் கல்லாமேல் வைத்தார். கடையில் அன்றும் கூட்டம். மானாங் லூடிங் திறந்தார். விளிம்பு வரைக்கும் ரப்பர் பேண்ட். சிவப்பு, மஞ்சள், பச்சை. இருபது வருஷமாகச் சேர்ந்தது. தினமும் நூறு பைக் குழம்பை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுகிறவர் அவர்.

யாரும் சிரிக்கவில்லை. மானாங் லூடிங் ஒரு கிண்ணத்தில் எலும்புச் சூப்பை ஊற்றி நீட்டினார்.

"உக்காந்து குடிங்க மானோங்."

"வேலை கெடக்கு."

"அப்ப நின்னு குடிங்க. கிண்ணத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிடாதீங்க, என்கிட்ட இருக்கிறதே அதுதான்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சூப் மூக்கில் ஏறி இருமினார்.

கோயில் வேலைசெய்யும் பெண்ணுக்கு மெழுகுவத்தித் துண்டுகள். மீன்பிடிக்கிற வீடுகளுக்கு நைலான் கயிறும் தூண்டில் முள்ளும். தோட்டம் போட்டவர்களுக்குச் சுரை விதை, துவரை விதை, பொட்டலம் பொட்டலமாக. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்த வீட்டுக்குப் பழைய பேன்ட்களிலிருந்து வெட்டியெடுத்த ஜிப்புகள். ஒருவருக்கு முக்கோணப் பைகள் மட்டுமே போயின. அவர் அதை மகாராணி நகை மாதிரி அடுக்கிவைத்துக்கொண்டார். எது யாருக்கு உதவும் என்று யோசித்துக் கொடுத்தது தெரிந்தது. இந்த ஊரை அவர் இவ்வளவு கவனித்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. துறையில் நின்று கயிறு கட்டுகிறவர் எல்லோருடைய மூட்டையையும் பார்க்கிறார்.

எனக்கும் ஒரு நாள் ஒரு பை வந்தது. உள்ளே என் செருப்பு, கழுவி, அறுந்த வார் நைலான் கயிற்றால் தைத்து.

"மானோங்..."

"ஜன்னல் உயரம். அடுத்த தடவை கதவு வழியா வா," என்றார்.

"அந்த அட்டையும் நான்தான்."

"தெரியும். 'காட்சிச்சாலை'யை எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருந்த. உங்கம்மாகிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

ஒவ்வொரு டப்பா வெளியே போகும்போதும் அலமாரியில் ஒரு டின் காலியானது. மே கடைசியில் காப்பி பாட்டில்கள் இரண்டு வரிசையும் வெறுமையாகத் தொங்கின. மூடியைத் திறந்து மோந்து பார்க்க அவருக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. ஒரு பால்டின்னை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் முப்பத்தோரு வருஷமாக அவருடைய சட்டைகளிலிருந்து விழுந்த பொத்தான்கள் இருந்தன.

கறுப்பு இறக்கும் நாளில் ஊரே வந்தது. வீடு கொள்ளவில்லை, வாசலில் நின்று ஜெபம் சொன்னார்கள். சாமியார் மானோங்கின் சட்டையில் குத்தியிருந்த கறுப்புத் துணியை எடுத்தார். எல்லோரும் மானாங் சேலிங்கின் பெயரைச் சொன்னார்கள். மானோங் பிலோவின் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அவருக்கு வேண்டியது கிடைத்தது, அதில் சந்தேகமில்லை.

பெண்கள் ஒரு முடிவோடு வந்திருந்தார்கள். இந்தத் தடவை அவரைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று குழாயடியில் பேசி, எல்லாச் சாப்பாட்டையும் வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டோம், இலையைச் சுருட்டி ஆட்டுக்குப் போட்டோம். அவ்வளவுதான். கழுவ ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தங்கள் புத்திசாலித்தனத்தில் பெருமை.

கூட்டம் கலைகிற நேரத்தில் மானோங் ஜன்னலோரத்தைப் பார்த்தார். துடைத்துவைத்த பலகை. "டப்பா யாரும் கொண்டாரலையா?"

"உங்களுக்கு இனிமே அந்தத் தொல்லையே வேண்டாம் மானோங்!" என்றார் மானாங் லூடிங். "நிம்மதியா இருங்க."

"சரி," என்றார்.

நிம்மதியாகத்தான் இருந்தார். இப்போது எல்லோரும் அவர் வாசல் வழியாகவே குழாயடிக்குப் போனோம். "மானோங்!" என்று கைகாட்டுவோம், அவரும் காட்டுவார், குடத்தோடு நடந்துகொண்டே இருப்போம். நிற்க ஒரு காரணமும் இல்லை. அவர் யாருக்கும் எதுவும் தரவேண்டாம், யாரும் அவருக்கு எதுவும் தரவேண்டாம். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். முன்கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. அதற்குள் யாரும் நுழையவில்லை. நானும் நுழையவில்லை. கொய்யாக் காலம் முடிந்திருந்தது.

போன செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளை டப்பா, மானாங் சேலிங்குடையது, ஓரத்தில் மூன்று கீறல். துணியில் சுற்றியிருந்தது, சூடாக இருந்தது.

"துவரைக் குழம்பு. நானே வச்சேன்." அம்மா கையில் திணித்துவிட்டு, திட்டு வாங்கப்போகிறவர் மாதிரி வேகமாகப் போய்விட்டார்.

பலாக்காய் வேகவில்லை. பன்றிக்கறி அதைவிட வேகவில்லை. துவரை மட்டும் கரைந்து காணாமல் போயிருந்தது. அம்மா ஒரு துண்டைக்கூட விடாமல் சாப்பிட்டாள், என்னையும் சாப்பிடவைத்தாள். டப்பாவைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னிக்கே எதையாச்சும் போட்டுக் குடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"லூசு. உடனே திருப்பினா கடனைத் தீக்குற மாதிரி ஆயிடும். ரெண்டு நாள் இருக்கட்டும். வியாழக்கிழமை கோழி அடிக்கிறேன். நான் போய் உக்காந்து பேசிட்டு வர்றேன்."

"நானும் வரேன்."

"நீ வந்தா டப்பாவையெல்லாம் எண்ணி வைக்கச் சொல்லி அவர்கிட்ட முன்னாடியே சொல்லணும்."

புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். ஜன்னலோரத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது, ஒன்று புதிதாகத் துடைத்து. மானோங் பிலோ இன்னொன்றில் உட்கார்ந்து எங்கள் வீட்டுத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கித் தூரத்தில் வேறெதையோ பார்ப்பது போல் பாவனை செய்தார்.

"என்ன மானோங் பாக்குறீங்க?"

"கடல் ஏறுதான்னு பாக்குறேன்."

கடல் அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

"ஏறுது மானோங்," என்றேன். "நாளைக்கு வந்துரும்."